லடாக்கில் முதல் மூன்று இரவுகள்: வயதான தந்தையுடனும் குழந்தையுடனும் செல்வோர் அறிய வேண்டியவை

ஜூன் முதல் வாரத்தில் மதுரையிலிருந்து டெல்லி வழியாக லே நகருக்கு விமானத்தில் செல்லவிருப்பதாகவும், உடன் வரும் தந்தைக்கு 64 வயது, அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு என்றும், மகளுக்கு எட்டு வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயண முகவர் தந்த ஏழு நாள் திட்டத்தில் இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, நான்காம் நாள் இரவு பாங்கோங் ஏரிக்கரையில் கூடாரம் என்று இருக்கிறது. என்னென்ன மருந்துகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது உங்கள் கேள்வி. மருந்துகளைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அவற்றைவிட முதலில் கை வைக்க வேண்டியது அந்தத் திட்டத்தில்தான். உயரமான மலைப்பகுதியில் உடல்நலம் கெடுவதும் கெடாமல் இருப்பதும் பெரும்பாலும் எந்த வேகத்தில் ஏறுகிறோம், எந்த உயரத்தில் இரவு தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பலமுறை சென்று நலமாகத் திரும்பியது லடாக்கிற்கான தகுதிச் சான்று ஆகாது. லே நகரம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. டெல்லியில் அதிகாலையில் விமானம் ஏறும் ஒருவர் காலைச் சிற்றுண்டி நேரத்திற்குள் சமவெளியிலிருந்து அந்த உயரத்தில் இறக்கிவிடப்படுகிறார். நடந்தோ குதிரையிலோ போன காலத்தில் வாரக்கணக்கில் உடலுக்குக் கிடைத்த அவகாசம் இன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் விழுக்காடு குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடற்கரையிலும் கணவாயிலும் அது 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லாவில் ஏறக்குறையப் பாதி. எனவே ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்திற்குச் சென்று சேரும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் இதை உணர்ந்து வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அது மறுபடியும் மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகங்கள் அந்தக் காரத்தைச் சிறுநீரில் கழித்துச் சமநிலையை மீட்டுத் தருவதற்குச் சில நாள்கள் ஆகும். உடல் பழகுவது என்று நாம் சொல்வதில் முதற்கட்டம் இதுதான். மன உறுதியாலோ உடற்பயிற்சியாலோ இதை விரைவுபடுத்த முடியாது.

உடல் வலிமை இங்கே காப்பு அல்ல என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1962 போரை ஒட்டிய ஆண்டுகளில் சமவெளியிலிருந்து இமயமலைக்கு விரைவாக அனுப்பப்பட்ட படைவீரர்களில் உயர நோய் கண்ட 1,925 பேரைப் பற்றி ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1969-இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். உலக அளவில் இத்துறையின் அடிப்படை ஆய்வுகளுள் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகிறது. அதில் இடம்பெற்றவர்கள் பயிற்சி பெற்ற ஆரோக்கியமான ஆண்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் குழுவில் தந்தையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, நடுவயதில் இருக்கும் நீங்கள் முதல் நாளே சந்தைக்கும் சாந்தி ஸ்தூபியின் படிகளுக்கும் கிளம்பினால், முதலில் படுக்கையில் விழப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

திட்டத்திற்கு வருகிறேன். லேயில் இறங்கிய பின் முதல் 48 மணி நேரம் ஓய்வு என்பது லடாக் நிர்வாகமே பயணிகளுக்குச் சொல்லும் அறிவுரை. உங்களைப் போன்ற குழுவிற்கு அதை மூன்று இரவுகளாக நீட்டிப்பது நல்லது. முதல் நாள் விடுதி அறையை விட்டு அதிகம் நகர வேண்டாம். ஆனால் பகல் முழுவதும் உறங்கவும் வேண்டாம், ஏனெனில் உறக்கத்தில் மூச்சு மெதுவாகி ஆக்சிஜன் அளவு மேலும் இறங்கும். இரண்டாம் நாள் மாலையில் சமதரையில் சிறு நடை போதும். மூன்றாம் நாள் காரில் மேற்கே இறங்கி, சிந்துவும் சன்ஸ்கார் நதியும் கலக்கும் நிம்மு, அதற்கப்பால் ஆல்ச்சி மடாலம் என்று சென்று வரலாம். இவை லேயைவிடத் தாழ்வான இடங்கள், அழகிலும் குறைந்தவை அல்ல. நான்காம் நாள் காலையில் கர்துங் லாவைக் கடந்து நுப்ராவிற்குச் செல்லுங்கள். கணவாய் 5,359 மீட்டர் என்று அளக்கப்பட்டிருந்தாலும், நுப்ராவின் திஸ்கித், ஹுந்தர் ஊர்கள் சுமார் 3,100 மீட்டரில்தான் இருக்கின்றன. உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் உறங்குவது உடலுக்கு ஏற்ற முறை. கணவாயின் உச்சியில் பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுக்கலாம். பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம், மகளை அங்கே ஓடவிடவும் வேண்டாம்.

பாங்கோங் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இந்தக் குழுவிற்கு அங்கே இரவுத் தங்கல் வேண்டாம். ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பின் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. நுப்ராவிலிருந்து பாங்கோங் செல்வது ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான தாவல். இதைவிட முக்கியமானது வேறொன்று. இரவு இரண்டு மணிக்கு உங்கள் தந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால், லே மருத்துவமனைக்கு வரும் வழக்கமான சாலை 5,300 மீட்டருக்கும் மேலான சாங் லா கணவாயைக் கடந்தே வருகிறது. கீழே இறக்க வேண்டிய நோயாளியை முதலில் ஆயிரம் மீட்டர் மேலே ஏற்ற வேண்டிய நிலை அது. ஷையோக் ஆற்றோரமாக நுப்ராவிற்கு இறங்கும் சாலை ஒன்று உண்டு. ஆனால் கோடையில் பனி உருகி நீர் பெருகும்போது அது துண்டிக்கப்படுவதும் உண்டு. ஏரியைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்றால், நுப்ராவிலிருந்து லே திரும்பி ஓர் இரவு தங்கி, எல்லோரும் நலமாக இருந்தால் அதிகாலையில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அது களைப்பான நாள்தான். தந்தை அன்று விடுதியிலேயே இருந்துவிட்டாலும் தவறில்லை. சுமார் 5,800 மீட்டரில் இருக்கும் உம்லிங் லா கணவாயையும், அதற்குப் போகும் வழியில் உள்ள ஹான்லே ஊரையும் முகவர் கூடுதல் சலுகையாகச் சேர்த்துத் தந்தால் மறுத்துவிடுங்கள்.

விமானத்திற்குப் பதிலாகச் சாலை வழியே செல்வது மேலா என்றும் நீங்கள் கேட்கலாம். எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. சுமார் 1,600 மீட்டரில் இருக்கும் ஸ்ரீநகரில் தொடங்கி, சோனமார்கிலும் கார்கிலிலும் ஒவ்வோர் இரவு தங்கி லேயை அடைவது உடலுக்குப் படிப்படியான ஏற்றம்; நாள்கள் இருந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன். மணாலிச் சாலை அப்படியல்ல. 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு 2,000 மீட்டர் மணாலியிலிருந்து ஒரே நாளில் 4,290 மீட்டர் சர்ச்சு வரை வண்டிகள் எளிதாகப் போய்விடுகின்றன. அந்தக் கூடார முகாமில் இரவெல்லாம் தலைவலியோடு விழித்திருந்த பயணிகளின் கதைகள் ஏராளம்.

இனி அறிகுறிகள். லேயில் இறங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் தலைவலி தொடங்கி, கூடவே குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அசதி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது சாதாரண உயர நோய். வந்தவர்களில் கணிசமானோருக்கு வரும், ஓய்வில் ஓரிரு நாள்களில் அடங்கும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். தூக்கத்தில் சில விநாடிகள் மூச்சு நின்று பிறகு பெருமூச்சோடு தொடங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அந்த உயரத்தில் அது இயல்பு. அதற்காகத் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதே முக்கியம். மதுவும் அவ்வாறே. தலைவலி இருக்கும் வரை அடுத்த உயரத்திற்குப் போகக் கூடாது, முன்பணம் கட்டிய விடுதி காத்திருந்தாலும்.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. இது பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும். தலைவலியே இல்லாமலும் வரலாம். முந்தைய நாள் எளிதாக ஏறிய படிகளில் மற்றவர்களோடு சேர்ந்து நடக்க முடியாமை, வறட்டு இருமல், பிறகு படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு, உதடு நீலமாதல் என்று அது முற்றும். சளிப்பிடிப்பு என்று எண்ணி இருமல் மருந்து கொடுத்துக் காலை வரை காத்திருப்பதே இதில் உயிரிழப்புக்கு முக்கியக் காரணம். மற்றொன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டதற்குப் பொருந்தாத பதில் வரும். ஐயம் வந்தால் தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் கால்விரலும் தொட்டுக்கொள்ளுமாறு அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த நிமிடமே செயல்பட வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஆக்சிஜனும், முடிந்த அளவு விரைவாகக் குறைந்தது சில நூறு மீட்டராவது கீழே இறங்குவதும்தான். லேயில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் சோனம் நோர்பு நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயணிகளின் உயர நோய் அங்கே அன்றாடம் பார்க்கப்படுவது.

முன்தடுப்பாகப் பயன்படும் மருந்து அசெட்டசோலமைடு. கடைகளில் டயாமாக்ஸ் என்ற பெயரில் 250 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அதில் பாதி, அதாவது 125 மில்லிகிராம், காலையும் மாலையும். புறப்படுவதற்கு முந்தைய நாள் தொடங்கி லேயை அடைந்து இரண்டு நாள்கள் வரை. மேலே சொன்ன சிறுநீரக வேலையை இது விரைவுபடுத்துகிறது. அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, அடிக்கடி சிறுநீர், சோடா குடித்தால் சுவையற்றுப் போவது ஆகியவை எதிர்பார்க்கத்தக்கவை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே ஓரிரு நாள் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. டெக்சாமெத்தசோன், நிஃபெடிபைன் ஆகியவை அவசரகால மருந்துகள். மருத்துவர் எழுதித் தந்து, எப்போது எப்படி என்று விளக்கினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு ஆக்சிஜன் புட்டிகளை விமானத்தில் கொண்டுசெல்ல அனுமதி இல்லை, லேயில் விற்கிறார்கள். பத்து லிட்டர் என்று எழுதியிருக்கும் புட்டி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மனத்துக்கு ஆறுதல் என்பதற்கு மேல் அதற்குப் பயன் இல்லை. கணவாய் நாளன்று ஓட்டுநரின் வண்டியில் முறையான சிலிண்டரும் முகமூடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சூடத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சு சீராகும் என்று முக்திநாத், கைலாய யாத்திரைக் குழுக்களில் தவறாமல் சொல்வார்கள். அந்த நெடி மூக்கைத் திறந்தது போன்ற உணர்வைத் தரும், அவ்வளவே. இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் வலிப்பு வரும் அளவுக்கு அது நஞ்சு என்பதால் பையிலேயே வேண்டாம். பூண்டுச் சாறு, கோகா 30 என்ற ஹோமியோபதி உருண்டைகள் ஆகியவற்றுக்கும் இதே விடைதான், நச்சுத்தன்மை நீங்கலாக. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துச் செல்லலாம். ஆனால் லேயில் 85 முதல் 92 வரை காட்டுவது பலருக்கும் வழக்கம் என்பதை அறிந்து வைத்திருங்கள். எண்ணை விட ஆளைப் பாருங்கள். குழுவில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்தாலோ, ஒருவருக்கே நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு போனாலோ அது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

தந்தையைப் பொறுத்தவரை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அவருடைய மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, அண்மையில் ஸ்டென்ட் வைத்தது, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை இருந்தால் இந்தப் பயணமே அவருக்கு வேண்டாம். சர்க்கரையால் விழித்திரை பாதித்திருக்கிறதா என்று கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். முற்றிய பாதிப்பு உள்ள கண்ணில் உயரம் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். முதல் சில நாள்களில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடும். மாத்திரையை நிறுத்தாமலும், தானாக அளவைக் கூட்டாமலும், ஒரு நாளுக்கு ஒரு முறை அளந்து குறித்து வைத்தால் போதும். நீர் பிரியும் மாத்திரையோ, டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மருந்தோ எடுத்துக்கொள்பவர் என்றால், அதோடு அசெட்டசோலமைடும் சேரும்போது உடல் நீர்வற்றும். இதை மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு: பசியின்றிப் பாதி இட்லியோடு நிறுத்திவிட்டு மாத்திரையை முழுதாகப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்போது வரும் தலைவலி, தடுமாற்றம், குழப்பம் எல்லாம் உயர நோயைப் போலவே இருக்கும். ஆகவே அவர் தடுமாறினால் முதல் வேலை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. குளிரிலும் உயரத்திலும் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பதால், கருவியையும் பட்டைகளையும் இன்சுலினையும் உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் மரபுநோயான அரிவாள் அணுச் சோகை பற்றியும் ஒரு சொல்: நீலகிரிப் பழங்குடி மக்களிடையே உள்ளது போல, அந்த மரபணுக் கூறு குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால், அதைச் சுமப்பவர் நோயே இல்லாதவராக இருந்தாலும் அவருக்கு இந்த உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம்.

எட்டு வயதுக் குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவள். ஆனாலும் பயணம் கெட்டுவிடும் என்று மறைக்கக்கூடும். விளையாட்டில் நாட்டமின்மை, சாப்பிட மறுப்பது, வாந்தி என்று எது வந்தாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை உயர நோய் என்றே கொள்ளுங்கள். கார் வளைவுகளால் வரும் வாந்தி வண்டி நின்ற சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் அது வேறு. புறப்படும் வாரத்தில் அவளுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மூச்சுத் தொற்றுள்ள குழந்தைகளுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு அதிகம். அவளுக்கு அசெட்டசோலமைடு தேவையா, எவ்வளவு என்பது எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவுச்சத்து மிகுந்த எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். கையில் பருப்புப்பொடியும் ரசப்பொடியும் இருந்தால் தந்தையின் பசி திரும்பும். லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறு அரைவேக்காடாகவே நிற்கும். குடிநீரைக் கொதித்த பிறகு மூன்று நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். காற்று மிக வறண்டது. தாகம் தெரியாமலே நீர் இழப்போம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும், வலிந்து ஐந்தாறு லிட்டர் குடிப்பதால் உயர நோய் தடுக்கப்படுவதில்லை.

ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறக்குறையப் பத்து விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. குழந்தைக்கும் சேர்த்துப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கும் உதட்டுக்கும் களிம்பு, விளிம்புள்ள தொப்பி ஆகியவை அலங்காரமல்ல. உடையில் ஒரே கனமான கோட்டைவிட அடுக்கடுக்கான உடைகள் உதவும்.

குளிர் தொடர்பான உண்மையான ஆபத்து அறைக்குள்தான் இருக்கிறது. கரி அடுப்பையோ எரிவாயு ஹீட்டரையோ மூடிய அறையில் வைத்து உறங்காதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு நஞ்சேறும் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், மயக்கம்தான். ஓர் அறையில் இருந்த அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள். கணவாயில் பனியில் வண்டி சிக்கினால், புகைபோக்கியைச் சுற்றிப் பனி அடைக்காமல் பார்த்துக்கொண்டு, இன்ஜினை இடையிடையே சிறிது நேரம் மட்டும் இயக்கி, கண்ணாடியைச் சற்று இறக்கி வைக்க வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரியில் பனிப்புயலில் சிக்கிய வண்டிகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குளிரோடு இந்த வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

வண்டியை உள்ளூர் ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள். பிற்பகலில் பனி உருகி ஓடைகள் சாலையில் பெருகும் என்பதால் கணவாய்களைக் காலையிலேயே கடக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துவது வீண் அல்ல. டெல்லி விமான நிலையத்து நாற்காலியில் இரவைக் கழித்துவிட்டு அதிகாலை விமானம் ஏறாமல், அங்கே ஓர் இரவு நன்றாக உறங்கிச் செல்லுங்கள். பிற மாநிலங்களின் முன்கட்டணச் சிம் அட்டைகள் லடாக்கில் வேலை செய்வதில்லை. பின்கட்டண இணைப்பு ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். நுப்ராவிற்கு அப்பால் அதுவும் பல இடங்களில் எடுக்காது. ஆகவே புறப்படும் முன்பே விடுதியின் எண், ஓட்டுநரின் எண், தந்தையின் மருந்துப் பட்டியல் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். பயணக் காப்பீடு எடுப்பதானால், குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் நேர்வது பொருந்தாது என்ற விதி இருக்கிறதா என்றும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அவசர விமானச் செலவுக்கும் காப்பு உண்டா என்றும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.